"இருக்கேன்க்கா" என்று சொன்னால் போதுமா?



சேமிப்பு, உள்கடன், பதிவேடு என்று எத்தனையோ பாடம் படித்துவிட்டோம். இந்த மாதம் ஒரு கதையைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். அரை மணி நேரம் போதும். கடைசியில் சில கேள்விகள் இருக்கின்றன. அதையும் பேசிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. குழாயடியில் ஒருத்தியைப் பார்க்கிறோம். "எப்படி இருக்கே?" என்று கேட்கிறோம். "இருக்கேன்க்கா" என்கிறாள். "சரி, வரட்டா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். அந்த "இருக்கேன்" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று நாம் நின்று கேட்டிருக்கிறோமா? இந்த மாதக் கதை அதைப் பற்றியதுதான்.

கதை எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்து இருக்கிறது. அங்கே கிளாஸ்கோ என்று ஒரு பெரிய நகரம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கெயில் ஹனிமேன் என்ற பெண் எழுதிய முதல் நாவல் 2017இல் வெளிவந்தது. சிறந்த முதல் நாவலுக்கான கோஸ்டா பரிசு அந்த ஆண்டு அதற்குத்தான் கிடைத்தது. நாவலின் பெயரை நம்ம பேச்சில் சொன்னால், "எலினார் ஆலிஃபன்ட் ரொம்ப நல்லாயிருக்கா" என்று வரும். எலினார்தான் கதையின் நாயகி.

தனிமையைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையைப் படித்த பிறகுதான் கெயிலுக்கு இந்தக் கதை தோன்றியதாம். அந்தக் கட்டுரையில், பெரிய நகரத்தில் வேலை பார்க்கும் ஒரு இளம்பெண் பேசியிருந்தார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், திங்கட்கிழமை காலை வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சொல்லியிருந்தார். வயதானவர்களுக்குத்தான் தனிமை என்று நினைக்கிறோம். வயதுப் பெண்ணுக்கும் அது உண்டு.

எலினாரின் கதை

எலினாருக்கு முப்பது வயது நெருங்குகிறது. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. ஒன்பது வருடமாக ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறாள். சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. முகத்தில் தீக்காயத் தழும்பு. கூட வேலை செய்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளைக் கேலி பேசிச் சிரிக்கிறார்கள். வேலை நிமித்தம் வருபவர்களைத் தவிர அவள் வீட்டு வாசலை மிதிக்க ஆள் இல்லை. சின்ன வயதிலிருந்து வளர்க்கும் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது. அதோடுதான் பேச்சு.

சனி, ஞாயிறு வந்தால் சாராய பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வரை மயக்கத்திலேயே ஓட்டிவிடுவாள். "பொம்பளை குடிக்கிறாளா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். அவளுக்கு அது வலி மரத்துப்போக ஒரு வழி. நம்ம ஊரில் மெடிக்கல் கடையில் தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சுருண்டு படுப்பவர்கள் எத்தனை பேர்? வலி ஒன்றுதான், மருந்துதான் வேறு.

புதன்கிழமை தோறும் அவளுடைய அம்மா அவளோடு பேசுவாள். பேச்சு முழுக்கக் குத்தலும் ஏச்சும்தான். "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்பதே அதன் சாரம். ஆனாலும் எலினாரைக் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள்.

ஒருநாள் ஆபீசில் அவளுடைய கம்ப்யூட்டர் பழுதாகிறது. பழுது பார்க்க வருபவன் பெயர் ரேமண்ட். கசங்கின சட்டை, கையில் சிகரெட். எலினாருக்கு அவனைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. இன்னொரு நாள் வேலை முடிந்து இருவரும் ஒரே தெருவில் நடந்து போகும்போது, முன்னால் போன ஒரு பெரியவர் சுருண்டு விழுகிறார். "குடிச்சிட்டு விழுந்து கிடக்கிறார்" என்பதுதான் எலினாருக்கு முதலில் வந்த நினைப்பு. ரேமண்ட் விடவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டே, அவரிடம் பேசிக்கொண்டே இருக்கும்படி எலினாரிடம் சொல்கிறான். அவளும் பேசுகிறாள். பெரியவர் பிழைத்துக்கொள்கிறார்.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்க்கிறார்கள். பெரியவரின் குடும்பம் வீட்டு விருந்துக்குக் கூப்பிடுகிறது. முடி திருத்தும் தொழில் செய்யும் அவர் மகள் எலினாருக்கு அழகாக முடி வெட்டிவிடுகிறாள். ரேமண்ட் தன் அம்மா வீட்டுக்கும் எலினாரை அழைத்துப் போகிறான். அங்கே பாத்திரம் கழுவிக் கொடுக்கிறாள். டீ குடிக்கிறாள். மற்றவர்களுக்கு இதெல்லாம் அன்றாடம் நடப்பவை. எலினாருக்கு எல்லாமே புதுசு.

ஆனாலும் கதை அதோடு நேராகிவிடவில்லை. அந்தப் பெரியவர் பிறகு இறந்துபோகிறார். அதற்கிடையில் எலினார் மேடையில் பார்த்த ஒரு பாடகன் மேல் ஆசையை வளர்த்துக்கொண்டு, அவன் வந்தால் தன் வாழ்க்கை மாறிவிடும் என்று நம்பியிருக்கிறாள். அது வெறும் கற்பனை என்று ஒரே நாளில் புரிந்துபோகிறது. அப்படியே உடைந்துபோகிறாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உயிரோடு இருக்க வேண்டாம் என்கிற முடிவுக்கே வந்துவிடுகிறாள்.

அப்போது கதவு தட்டப்படுகிறது. ரேமண்ட் தேடிக்கொண்டு வந்து நிற்கிறான்.

வந்தவன் திட்டவில்லை. "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று விசாரணை வைக்கவில்லை. வீட்டைச் சுத்தம் செய்கிறான். சாப்பாடு கொண்டுவருகிறான். பக்கத்தில் உட்காருகிறான். டாக்டரிடம் போக வேண்டும் என்று எடுத்துச் சொல்கிறான். அவளும் போகிறாள். டாக்டர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்புகிறார். வேலை பார்க்கும் இடத்தில் விடுப்பு தருகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து ரேமண்ட் ஒரு பூனையைக் கொண்டுவந்து விடுகிறான். அதுவும் தீயில் ரோமம் கருகிய பூனை. எலினார் அதைப் பார்த்துக்கொள்ளத் தொடங்குகிறாள்.

ஆலோசகரிடம் வாரா வாரம் பேசப் பேச, அவள் மறந்து புதைத்து வைத்திருந்தது வெளியே வருகிறது. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவே வீட்டுக்குத் தீ வைத்திருக்கிறாள். அதில் எலினாரின் குட்டித் தங்கை இறந்துபோனாள். அம்மாவும் அன்றே இறந்துவிட்டாள். அப்படியானால் புதன்கிழமை தோறும் பேசியது யார்? அது எலினாரின் மனசுக்குள்ளேயே கேட்ட குரல். "தங்கச்சியைக் காப்பாத்த முடியலையே" என்ற குற்ற உணர்வு இத்தனை வருடமாக அம்மாவின் குரலில் அவளை ஏசிக்கொண்டிருந்தது. அது புரிந்த பிறகு, இனிமேல் உன்னோடு பேச மாட்டேன் என்று அந்தக் குரலுக்கு விடை கொடுக்கிறாள். மறுபடி வேலைக்குப் போகிறாள்.

கதை கல்யாணத்தில் முடியவில்லை. ரேமண்டும் எலினாரும் நல்ல சிநேகிதர்களாக இருக்கிறார்கள். அதுவே போதும் என்று நாவல் முடிகிறது.

கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது

ஒன்று. காப்பாற்றியவன் சொந்தக்காரன் இல்லை, டாக்டரும் இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய வந்தவன். துணை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. "நான் யாரு அவளுக்கு?" என்று நாம் தயங்கி நிற்கும் இடத்தில், ஒருவேளை நாம்தான் போக வேண்டியவராக இருக்கலாம்.

இரண்டு. எலினாரிடம் மாற்றம் தொடங்கியது, அவள் இன்னொருவருக்கு உதவி செய்த அன்றைக்குத்தான். தெருவில் விழுந்தவரிடம் பேசினாள். பிறகு பூனையைப் பார்த்துக்கொண்டாள். மனம் நொந்திருப்பவளை "பாவம், அவளை விடு" என்று ஒதுக்கி உட்கார வைத்தால், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம்தான் கூடும். அவளால் முடிந்த ஒரு சின்ன வேலையைக் கொடுப்பதும் ஒரு மருந்துதான்.

மூன்று. ரேமண்ட் அறிவுரை மூட்டையை அவிழ்க்கவில்லை. சுத்தம் செய்தான், சோறு கொடுத்தான், உட்கார்ந்தான். துக்க வீட்டுக்குப் போனால் நாமும் இதைத்தானே செய்கிறோம்? அடுப்பை மூட்டுகிறோம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறோம். சாவு வீட்டில் தெரிகிற துக்கத்துக்குச் செய்வதை, உள்ளே ஒளிந்திருக்கும் துக்கத்துக்கும் செய்யலாம்.

நான்கு. இது முக்கியம். ரேமண்டின் அன்பு மட்டும் அவளைக் குணப்படுத்தவில்லை. அவனுடைய நட்பு அவளை டாக்டர் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மீதியைச் சிகிச்சை செய்தது. காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கஞ்சியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். மனசுக்கும் அப்படித்தான்.

கதையில் மட்டும்தான் நடக்குமா?

"டாக்டருக்குப் படிக்காத நம்மால் என்ன ஆகும்?" என்று சிலர் கேட்கலாம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு இளம்பெண் 2005இல் தற்கொலை செய்துகொண்டார். டாக்டரைப் பார்க்க வரத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வர 15 டாலர் பஸ் கட்டணம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு மக்கள் வர முடியவில்லை என்றால் உதவி மக்களிடம் போக வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். 2006இல் ஹராரே நகரத்தில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்தின் வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்திருப்பார். மனசு சரியில்லாதவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அதற்கு "நட்பு பெஞ்சு" என்று பெயர். பாட்டிமார் பெரிய நோய்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை. "குஃபுங்கிசிசா" என்ற தங்கள் ஊர்ச் சொல்லையே பயன்படுத்தினார்கள். "ரொம்ப யோசிக்கிறது" என்று அர்த்தம். "யோசனையாவே இருக்குக்கா" என்று நம்ம பெண்கள் சொல்வதும் அதுதானே?

573 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்களால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

எலினாருக்கு இல்லாதது, நமக்கு இருப்பது

எலினார் ஒரு சனிக்கிழமை விழுந்து கிடந்தால் திங்கட்கிழமை வரை யாருக்கும் தெரியாது. நமக்கு வாரக் கூட்டம் இருக்கிறது. வருகைப் பதிவேடு இருக்கிறது. நம்மில் ஒருத்தி வரவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. இது எவ்வளவு பெரிய பலம் என்று நாம் யோசிப்பதில்லை.

தெரிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? அபராதம் எழுதுகிறோம். கூட்டத்துக்கு ஒழுங்காக வருவது பஞ்ச சூத்திரத்தில் முதலாவது. அந்த விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன்னால் ஒரு நடை அவள் வீட்டுக்குப் போய்வரச் சொல்கிறோம். "ஏன் வரலை?" என்பதற்குப் பதில் "சோம்பேறித்தனம்" என்று இருக்கலாம். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றும் இருக்கலாம். "எழுந்திரிக்கவே மனசில்லை" என்றும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே அபராதம் சரியா?

போகும்போது கவனிக்க வேண்டியவை:

1. அவளுக்குப் பிடித்த இரண்டு பேர் மட்டும் போங்கள். கும்பலாகப் போனால் "தவணை கேட்டு வந்துட்டாங்க" என்று பயந்துவிடுவாள். கையில் கடன் நோட்டு வேண்டாம். முதல் நாள் பணப் பேச்சும் வேண்டாம்.

2. "எப்படி இருக்கே?" என்று கேட்டு, "இருக்கேன்க்கா" என்று பதில் வந்தால், இன்னொரு கேள்வி கேளுங்கள். "ராத்திரி தூங்குறியா?" "சாப்பிட்டியா?" இவை இரண்டும் போதும். பேச்சு தானாக வரும்.

3. இரண்டு வாரத்துக்கு மேல் கீழே உள்ளவை தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்: நாள் முழுக்க மனசு கனத்துக் கிடப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, தூக்கம் கெடுவது, பசி மாறுவது, காரணம் தெரியாத உடம்பு வலியும் அசதியும், "என்னாலதான் எல்லாம்" என்று தன்னையே குறை சொல்வது. பிள்ளை பெற்ற தாய்க்கும் இது வரலாம். "திமிரு" என்று சொல்லிவிடாதீர்கள்.

4. "எல்லாருக்கும்தான் கஷ்டம்", "உனக்கென்ன குறைச்சல்?" என்று சொல்லாதீர்கள். காதில் குரல் கேட்கிறது என்றால் "பேய் பிடிச்சிருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள். சாமி கும்பிடுவது அவரவர் நம்பிக்கை. கோயிலுக்குப் போய் வந்தாலும் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

5. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது தவறான பயம். கேட்டதால் பாரம் இறங்கிப் பேசியவர்கள்தான் அதிகம். "ஆமா" என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வேறு இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

6. கூடவே போங்கள். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பஸ் கட்டணம் இல்லாமல் ஒரு பெண் இறந்த கதையை மேலே படித்தோம். நம்ம குழுவில் அப்படி நடக்கக் கூடாது. மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். "சரியாயிடுச்சு" என்று தானாக நிறுத்தக் கூடாது.

7. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் போன் செய்து தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இது "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் 2022 அக்டோபரில் தொடங்கியது.

8. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத குடும்பங்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. தைரியமாகக் கொண்டு போங்கள்.

ரகசியமும் கடனும்

இரண்டு விஷயத்தில் நாம் கறாராக இருக்க வேண்டும். முதலாவது ரகசியம். நம்ம தீர்மான நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பழகிவிட்டோம். இதை எழுதாதீர்கள். "உறுப்பினருக்கு உடல்நலம் சரியில்லை" என்று மட்டும் இருந்தால் போதும். குழாயடியில் ஒருமுறை பேச்சானால் அவள் அடுத்த கூட்டத்துக்கு வரவே மாட்டாள். மற்றவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இரண்டாவது கடன். பல நேரம் மனச்சுமையின் வேரே கடனாக இருக்கும். குழுக் கடனோடு, வெளியில் வாங்கிய வட்டிக் கடனும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். அவள் கொஞ்சம் தேறிய பிறகு, எங்கெங்கே எவ்வளவு என்று கூட உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்ட முடியுமா என்று குழுவில் பேசித் தீர்மானம் போடுங்கள். முடியாவிட்டால் கூட்டமைப்பிடம் கொண்டுவாருங்கள். குழுவின் பணமும் பத்திரமாக இருக்க வேண்டும், ஆளும் பத்திரமாக இருக்க வேண்டும். ஆள் இருந்தால்தான் பணம் திரும்பும்.

துணைக்குப் போகிறவருக்கும் பாரம் உண்டு. ஒருத்தி தலையிலேயே கட்டாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச:

1. எலினாரை அவள் ஆபீசில் கேலி செய்தார்கள். நம்ம ஊரில் "ஒரு மாதிரி" என்று பட்டம் சூட்டி நாம் ஒதுக்கி வைத்திருக்கும் பெண் யார்? பெயர் சொல்ல வேண்டாம், மனசில் நினைத்துக்கொள்ளுங்கள்.

2. ரேமண்ட் செய்தவற்றில் பணச் செலவு இல்லாமல் நம்மால் செய்ய முடிந்தவை எவை?

3. "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்ற குரல் நம்மில் யாருக்காவது உள்ளுக்குள் கேட்கிறதா? முதலில் அதை யார் சொன்னார்கள்?

4. கடந்த மூன்று மாத வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். அடிக்கடி வராதவர் வீட்டுக்கு இந்த வாரம் போகப் போகிற இரண்டு பேர் யார்?

நான்காவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கூட்டத்தை முடிக்க வேண்டாம். ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அந்த இரண்டு பேரோடு பேசி, என்றைக்குப் போவது என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். அபராதம் பற்றி அவர்கள் போய் வந்த பிறகு பேசலாம்.